சட்டைக் கைக்கு வந்த ஜரிகை

மதுரைத் தெருக்களில் பழைய பட்டுச்சேலை வாங்க வருகிறவர் சேலையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. எந்த ஊர் நெசவு என்றும் கேட்பதில்லை. முந்தானையைப் புரட்டி ஜரிகையில் ஓர் இழையை நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசல். வேறு ஏதாவது தெரிந்தால் சேலையை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு வேண்டியது துணிக்குள் இருக்கும் வெள்ளி. வாங்கிப்போன ஜரிகையை எரிப்பார்கள். பட்டு சாம்பலாகும், மிஞ்சிய உலோகத்திலிருந்து வெள்ளியைப் பிரிப்பார்கள். அந்த வெள்ளி மறுபடி கம்பியாகி, மறுபடி ஜரிகையாகி, வேறொரு சேலையில் ஏறுவதும் உண்டு.

இந்த இழை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக இன்னொரு வழியிலும் நடந்து வந்திருக்கிறது. அந்த வழியின் இன்றைய முனையில் இருக்கும் துணிக்குப் பேட்டரி கிடையாது, சார்ஜ் போட வேண்டியதில்லை. சட்டைக் கையில் ஓர் இடத்தைத் தொட்டால் எதிரே இருக்கும் கருவிக்குச் செய்தி போய்ச் சேரும். அப்படிப்பட்ட துணிகளை ஆய்வகங்கள் செய்து காட்டிவிட்டன. இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் பக்கத்திலிருந்து எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் மேசையிலிருந்து இறங்கிச் சட்டைப்பைக்கு வந்தது, பிறகு சட்டைக்குள்ளேயே புகுந்தது என்று போகும் அந்தக் கதை. இழையின் பக்கம் நின்று பார்த்தால் அது இன்னும் முன்னால், தறியில் தொடங்குகிறது.

அசல் ஜரிகைக்கு முதலில் வேண்டியது கம்பி. வெள்ளியும் செம்பும் சேர்ந்த கட்டியைக் கம்பியாக்கி அச்சுத் துளைகளின் வழியே இழுக்கிறார்கள். ஒவ்வொரு துளையும் முந்தியதைவிடச் சிறியது. கம்பி மெலிந்து மெலிந்து, நீண்டு நீண்டு, கடைசியில் தலைமுடியோடு போட்டி போடும் அளவுக்கு வந்துவிடும். பிறகு உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தட்டையாக்குவார்கள். அந்த மெல்லிய நாடாவைச் சாயம் ஏற்றிய பட்டு இழைமேல் சுருள்சுருளாகச் சுற்றி, சுற்றிய நூலுக்குத் தங்க முலாம் பூசுவார்கள். சூரத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வேலை இது. காஞ்சிபுரத்தில் 1971-இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு ஜரிகை நிறுவனமும் இதைச் செய்கிறது. நெசவாளர் ஜரிகையை ‘மார்க்’ கணக்கில் வாங்குவார். ஒரு மார்க் ஏறக்குறைய 240 கிராம். அரசு நிறுவனம் தரும் ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5.

இந்த நான்கில் பட்டை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் பாருங்கள். சாதாரண வெப்பநிலையில் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளி. அடுத்தது செம்பு. மூன்றாவது தங்கம். முதல் மூன்று இடங்களையும் பிடித்த உலோகங்கள் ஒரே நூலில் வந்து சேர்ந்திருக்கின்றன. சேர்த்தவர்கள் மின்சாரத்தை நினைக்கவில்லை. பளபளப்பையும் இழுத்தால் நீளும் குணத்தையும் நினைத்தார்கள். ஆனால் உலோகத்துக்குப் பளபளப்பைக் கொடுப்பதும் அதற்குள் மின்சாரத்தை ஓட்டுவதும் ஒரே கூட்டம்தான்: எந்த அணுவிலும் கட்டுப்படாமல் உள்ளே திரியும் எலக்ட்ரான்கள். கண்ணுக்கு நல்லதைத் தேடியவர்கள் மின்சாரத்துக்கும் நல்லதைத் தேடித் தந்துவிட்டார்கள்.

சுற்றிய விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நேராக ஓடும் உலோகக் கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திப் பார்த்தால் சீக்கிரம் ஒடிந்துவிடும். பட்டின்மேல் சுருளாகக் கிடக்கும் மெல்லிய நாடாவோ நூல் வளையும்போது சுருள்களைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு இடம் கொடுத்துவிடுகிறது. இழுவையைப் பட்டு தாங்குகிறது. மின்சாரத்தை உலோகம் சுமக்கிறது. பழைய தொலைபேசியில் ரிசீவரைப் பெட்டியோடு இணைத்த கம்பிக்குள் இருந்ததும் இதே அமைப்புதான். பஞ்சு நூல்மேல் சுற்றிய செப்பு நாடா. ஆங்கிலத்தில் அதை டின்சல் கம்பி என்பார்கள். ஜரிகையின் நெருங்கிய உறவு அது. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை எடுத்து, இழுத்து, முறுக்கி வைக்கும் கம்பி ஆண்டுக்கணக்கில் அறுந்து போகாமல் இருந்ததற்கு இந்தச் சுருள்தான் காரணம்.

நல்ல நிலையில் இருக்கும் அசல் ஜரிகை இழை ஒன்றில் மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தால் ‘பீப்’ என்று கேட்கும். இன்று கடைகளில் பெருவாரியாகக் கிடைக்கும் பாலியஸ்டர் ஜரிகையில் பெரும்பாலும் கேட்காது. அது அலுமினியப் பூச்சுள்ள பிளாஸ்டிக் தாள். நிறத்துக்காக மேலே அரக்குப் பூச்சும் இருக்கும். ஒளிரும், ஆனால் கடத்தாது. மதுரையில் சுங்குடிச் சேலையின் கரையிலும் இப்போது இந்த வகைதான் அதிகம் ஓடுகிறது. வெள்ளி விலை ஏற ஏற நம் துணிகள் தங்கள் மின்குணத்தை இழந்துகொண்டு வந்திருக்கின்றன. யாருக்கும் அது தேவைப்படாததால் யாரும் கவனிக்கவில்லை.

மதுரையின் பசுமலையைச் சுற்றி நூல் இல்லாத திசையே கிடையாது. ஊரிலேயே மகாலட்சுமி மில். ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் 1890-களின் தொடக்கத்தில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே ஓடத் தொடங்கியது. பசுமலைக் குன்றின்மேல் இருந்த ஆலை அதிகாரியின் பங்களா இன்று தங்கும் விடுதி. தெற்கே போனால் திருப்பரங்குன்றம். அதைத் தாண்டியதும் ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்து ஹார்வியின் பெயரையே தாங்கி நிற்கும் ஹார்விபட்டி. பக்கவாட்டில் நிலையூர்ப் பக்கம் சௌராஷ்டிர நெசவாளர்கள் வாழும் கைத்தறி நகர். திருமங்கலம் போகும் சாலையில் இன்னும் தெற்கே கப்பலூரில் தியாகராசர் மில். அந்தக் குழுமத்தைக் கட்டியெழுப்பிய கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. அங்கே பேச்சு நூலைப் பற்றியதல்ல: கம்பியில்லாத் தொழில்நுட்பங்களுக்கென்று டைஃபாக் நிறுவனத்தின் உதவியோடு ஒரு மையம் அமைந்தது, ஆன்டெனா, ரேடியோ அலை என்று வேலை நடக்கிறது. தறியும் ஆன்டெனாவும் ஒரே நகரப் பேருந்துத் தடத்தில் இருக்கின்றன. இந்த அக்கம்பக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இழை ஆய்வகத்துக்குள் நுழைந்தது 1997-இல். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மீடியா லேபில் ரெமி போஸ்ட், மேகி ஓர்த் இருவரும் துணியையே மின்சுற்றாக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் எடுத்தது பட்டு ஆர்கன்சா. பாவு வெறும் பட்டு. ஊடை செப்புத் தகடு சுற்றிய பட்டு. இந்த வகைத் துணி இந்தியாவில் குறைந்தது ஒரு நூற்றாண்டாக நெய்யப்பட்டு வருகிறது என்பதையும், இந்த நூல் தொலைபேசிக் கம்பி செய்யும் முறையிலேயே ஆனது என்பதையும் அவர்கள் தங்கள் கட்டுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தத் துணி அவர்களுக்கு ஏன் ஒத்துவந்தது என்பதைத் தறியில் உட்கார்ந்தவர் உடனே புரிந்துகொள்வார். உலோகம் ஊடையில் மட்டும் ஓடுகிறது. ஒவ்வொரு ஊடைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. குறுக்கே போகும் பாவில் உலோகம் இல்லாததால் ஓர் உலோக இழை அடுத்த இழையைத் தொடுவதில்லை. ஆகவே ஒரு கீற்றுத் துணி என்பது பக்கம்பக்கமாகக் கிடக்கும் பல தனித்தனிக் கம்பிகள். ஒரு கீற்றை நெடுக்காகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் வைத்து, நடுவே நைலான் வலை ஒன்றைப் போட்டார்கள். விரலால் அழுத்தினால் வலையின் கண்கள் வழியே மேல் இழையும் கீழ் இழையும் தொட்டுக்கொள்ளும். எந்த வரிசை, எந்த நிரல் என்று தெரிந்துவிடும். துணியே விசைப்பலகையாகிவிட்டது. இன்னொரு வசதியும் இருந்தது. பட்டு உருகாது, அதனால் சூடு தாங்கும், அதன்மேல் ஈயப்பற்று வைக்கலாம். பாலியஸ்டரில் அதைச் செய்யப் போனால் நூல் இளகிவிடும்.

அதே ஆய்வகத்தில் பிறந்த இசை ஜாக்கெட்டில் மார்பின் ஒரு பக்கம் எண் பலகை ஒன்று எம்பிராய்டரி செய்யப்பட்டிருந்தது. தொட்டால் இசை வரும். பலகையைத் தைத்த நூல் துருப்பிடிக்காத எஃகு இழை. பெல்ஜியத்தின் பெக்கார்ட் நிறுவனம் தொழிற்சாலைத் துணிகளில் நிலைமின்சாரத்தைத் தவிர்ப்பதற்காகச் செய்துவந்த வகை. உள்ளே மின்சாரத்தையும் தகவலையும் எடுத்துப்போனது ஆர்கன்சா. ஜாக்கெட்டில் பேட்டரியும் இருந்தது, ஸ்பீக்கரும் இருந்தது. அந்தச் சுமை அப்போது யாரையும் உறுத்தவில்லை. துணி தொடுகையை உணர்கிறது என்பதே பெரிய செய்தியாக இருந்தது.

பேட்டரியைத் துணியிலிருந்து வெளியே வைக்கும் வழக்கம் அதற்கும் முன்பே ஓர் இடத்தில் இருந்தது. வாள்சண்டைக் களம். சென்னையைச் சேர்ந்த பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் சேபர் பிரிவில் இறங்கியபோது, வாள்சண்டையில் ஒலிம்பிக் களம் கண்ட முதல் இந்தியர் ஆனார். முதல் சுற்றில் துனிசியாவின் நாடியா பென் அஸீஸியை 15–3 என்று வென்றார். அப்படிப்பட்ட புள்ளிகளைப் பதிவு செய்ய உதவுவது எதிராளி உடுத்தியிருக்கும் சட்டை. லாமே என்று சொல்லப்படும் அந்த மேல்சட்டை முழுக்க உலோக இழை ஓடும் துணி. சேபரின் உலோகப் பட்டை அதில் எங்கே பட்டாலும் மின்சுற்று பூர்த்தியாகும், விளக்கு எரியும். சட்டையில் சிப் கிடையாது, பேட்டரி கிடையாது. வழக்கமான அமைப்பில் முதுகுப் பக்கம் கோத்த ஒரு கம்பி களத்தின் ஓரத்தில் இருக்கும் பெட்டிக்குப் போகிறது. மின்சாரம் அங்கிருந்து வருகிறது. போட்டிக்கு முன் அந்தச் சட்டையைச் சோதிப்பதற்கு விதி உண்டு. உருண்டை முனையுள்ள 500 கிராம் எடைக் கட்டியைத் துணிமேல் நகர்த்துவார்கள். எந்த இடத்திலும் மின்தடை 5 ஓமுக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலும் சட்டை தோற்றுப்போவது வியர்வை ஊறும் இடத்திலும் மடிப்பு விழும் இடத்திலும்தான்.

இந்த இரண்டு சொற்களையும், வியர்வை, மடிப்பு, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் கடைசிப் பத்தியில் வரும் இவை உண்மையில் முதல் பத்திக்கு உரியவை.

பெரிய நிறுவனம் ஒன்று இழையைத் தொட்டது 2015-இல். கூகுள் நிறுவனம் இவான் பூபிரெவ் தலைமையில் உலோகக் கலவை இழையைப் பட்டு, பருத்தி, பாலியஸ்டர் நூல்களோடு பின்னி, சாதாரண ஆலைத் தறியிலேயே நெய்யக்கூடிய நூலை அறிவித்தது. திட்டத்துக்கு வைத்த பெயர் ஜக்கார்ட். சேலைக் கரையில் பூ விழுவதற்கு நம் நெசவாளர் தறிமேல் ஏற்றி வைத்திருக்கும் அதே ஜக்கார்டு. 2017-இல் லீவைஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 350 டாலருக்கு ஒரு டெனிம் ஜாக்கெட் வந்தது. இடது கை மணிக்கட்டில் இழைகள்; அதைத் தடவினால் போனில் பாட்டு மாறும், வழி சொல்லும். ஆனால் கைமடிப்பில் ஒரு சிறு கருவியைச் செருக வேண்டும். பேட்டரி அதற்குள் இருந்தது. 2023-இல் அதற்கான செயலியை நிறுவனம் நிறுத்திவிட்டது. ஜாக்கெட்டின் இழைகள் அறுந்திருக்காது. நெசவும் அப்படியே இருக்கும். ஆனால் தடவினால் கேட்பதற்கு மறுமுனையில் யாருமில்லை. பாட்டியின் கூறைப்புடவையைப் பேத்தி கட்டிக்கொள்ளும் நாட்டில், துணியின் ஆயுளைச் செயலியின் ஆயுளோடு முடிச்சுப் போடுவது எவ்வளவு தவறு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. பேட்டரி தேய்வது ஒரு பிரச்சினை. பேட்டரியோடு ஒட்டி வரும் கருவி, செயலி, கணக்கு, அதைப் பராமரிக்கும் கம்பெனியின் மனநிலை என்று எல்லாமே தேய்வது அதைவிடப் பெரிய பிரச்சினை.

பேட்டரி இல்லாத வழி எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பசுமலைக்காரர் தூரம் போக வேண்டாம். திருமங்கலம் போகும் வழியில் கப்பலூர் சுங்கச்சாவடி இருக்கிறது. காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். அந்த ஒட்டிக்குள் பேட்டரி இல்லை. மணல் துகள் அளவு சிப்பும் அதோடு சேர்ந்த மெல்லிய உலோகக் கோடும்தான். மேலே இருக்கும் கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது. இந்தியாவில் இதற்கு ஒதுக்கப்பட்டிருப்பது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வரிசை. உலோகக் கோடு அந்த அலையைப் பிடித்துக் கொஞ்சம் மின்சாரமாக்குகிறது. சிப் விழித்துக்கொள்ள ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் பத்துப் பதினைந்து பங்கு போதும். விழித்த சிப் தானாக அலை எதையும் அனுப்புவதில்லை. வந்து விழும் அலையையே ஒரு கணம் அதிகமாகவும் ஒரு கணம் குறைவாகவும் திருப்பி அனுப்புகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது. ஹாரி ஸ்டாக்மன் 1948-இலேயே, திருப்பி அனுப்பும் ஆற்றலைக் கொண்டு செய்தி பேசலாம் என்று கட்டுரை எழுதினார். அது சுங்கச்சாவடிக்கு வரக் காலம் பிடித்தது.

இப்போது அந்த ஒட்டியில் இருக்கும் உலோகக் கோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நூலை வையுங்கள். இந்த வரிசை அலையின் நீளம் ஏறக்குறைய 34.6 செ.மீ. ஆன்டெனாவுக்கு அதில் பாதி நீளம் வேண்டும். அதாவது 17 செ.மீ., ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. வளைத்து வளைத்துத் தைத்தால் இன்னும் சிறிய இடத்தில் அடங்கும். கடத்தும் நூலால் ஒரு சாண் தையல் போட்டு, நடுவில் சிப்பை இணைத்தால் சட்டையே ஃபாஸ்டேக். அடுத்த படி இதைத் தொடுகைக்குக் கொண்டுவருவது. ஆன்டெனாவுக்கும் சிப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுகிறார்கள். விரல் பட்டால்தான் இணைப்பு உண்டாகும். தொடாதவரை அந்தச் சிப் ஊமை; தொட்டவுடன் தன் எண்ணைச் சொல்லும். எந்த எண் வந்தது என்று பார்த்தால் எந்த இடத்தைத் தொட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

பின்லாந்தின் தாம்பரே பல்கலைக்கழகத்தில் யொஹன்னா விர்க்கியின் குழு 2020-இல் வெளியிட்ட ‘கிளாத்ஃபேஸ்’ இந்த எண்ணத்தில் பிறந்தது. ஒரு துணி ஆன்டெனா, பத்துக்குப் பத்தாக அடுக்கிய நூறு சிப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். துணிமேல் விரலால் 0 முதல் 9 வரை எழுதினால், விரல் போன வழியில் இருந்த சிப்புகள் வரிசையாக எண் சொல்லும். அந்த வரிசையைப் படமாக்கி எந்த இலக்கம் என்று கணினி கண்டுபிடிக்கிறது. ஆறு பேரை எழுதவைத்துப் பார்த்ததில் 94.6 சதவீதம் சரியாக வந்தது. துணியின் பக்கத்தில் பேட்டரி எதுவும் இல்லை. தேவையான ஆற்றல் முழுவதும் வெளியே இருக்கும் கருவியிலிருந்து வருகிறது. அதே ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹோவின் குழு வேறு வழியில் போனது. மெட்ரோ அட்டையிலும் போனிலும் இருக்கும் என்.எஃப்.சி. சில அங்குலத் தூரம்தான் எட்டும். அவர்கள் சட்டையில் கடத்தும் நூலால் சுருள் சுருளாக எம்பிராய்டரி போட்டு, ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்கு அந்தப் புலத்தை எடுத்துப்போனார்கள். இடுப்பருகே இருக்கும் போன் கொடுக்கும் ஆற்றலில் முதுகுத்தண்டின் வளைவைக் கவனிக்கும் பேட்டரியில்லா உணரிகள் வேலை செய்தன.

இந்த இரண்டிலும் என்னைக் கவர்ந்தது ஒன்று. மின்னணுவியலின் பங்கு சிறுத்துக்கொண்டே வந்து ஒரு துளிச் சிப்பில் நிற்கிறது. மீதி எல்லாம் நூல். பேட்டரியை எடுத்துவிட்டால் சட்டையின் ஆயுளைத் தீர்மானிப்பது இழை ஒன்றுதான். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்விகள் நெசவாளரும் தையற்காரரும் துவைக்கிறவரும் பல காலமாகக் கேட்டுவரும் கேள்விகள்.

மடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுச்சேலையை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் ஜரிகை அந்தக் கோட்டில் விட்டுப்போகும் என்று வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியும். மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பு மாற்றி வைக்கச் சொல்வது அதற்காக. உலோகம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்தால் சோர்ந்து ஒடியும். சட்டையில் அந்த இடம் முழங்கை, கக்கம், இஸ்திரிப் பெட்டி விழும் கைமடிப்பு. ஆன்டெனா இழை நடுவே ஒரு மயிரிழை முறிவு விழுந்தால் சேலைக்கு அழகு குறையும், அவ்வளவுதான். சட்டையின் பேச்சு நின்றுவிடும்.

வியர்வை இன்னும் கடினம். பருத்தி சாதாரணமாகவே தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தை வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. துணியில் ஈரம் ஏறினால் ஆன்டெனாவின் சுருதி இறங்கும். 865 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருந்தியிருந்த இழை வேறெங்கோ பொருந்தி நிற்கும். பின்லாந்தின் குளிர் அறையில் சரியாக வேலை செய்த துணி மதுரையில் கத்திரி வெயிலில் ஊமையாகலாம். உடம்பே ஒரு தடை. தசையில் பெரும்பகுதி நீர். அது இந்த அலையை விழுங்கிவிடும். தோலோடு ஒட்டிய பனியனில் ஆன்டெனா போட்டால் ஆற்றலில் பெரும்பகுதி உடம்புக்குள் போய்விடும். வியர்வையில் இருக்கும் உப்பும் காற்றில் இருக்கும் கந்தகமும் வெள்ளியைக் கருக்கவைக்கும். இந்த ஊர் வெயிலில் நாள் முழுக்க உடுத்தி, கல்லில் அடித்துத் துவைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டுச் சோதித்த நூல்தான் உலகத்தில் எங்கேயும் தாக்குப்பிடிக்கும் நூல் என்று நான் நம்புகிறேன். வாஷிங் மெஷினின் மென்மையான சுற்றில் சோதித்த நூல் நமக்குப் போதாது.

தையலிலும் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. கடத்தும் நூலை ஊசிக் கண்ணில் கோத்து ஓட்டினால் ஒவ்வொரு தையலுக்கும் அது கண்ணில் உரசி உரசி உலோகப் பூச்சு தேயும், நூல் சிலும்பும். அதனால் அதை பாபினில் சுற்றிக் கீழ் நூலாக ஓட்டுவார்கள்; மேலே சாதாரண நூல். துணியைத் தலைகீழாக வைத்துத் தைத்தால் கோடு வேண்டிய பக்கம் விழும். ஜாக்கெட் தைக்கும் எந்தத் தையற்காரரிடம் சொன்னாலும் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார். ஹார்வியின் மதுரை மில் 1974-இல் கோட்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது; தையல் நூல் என்றால் நாட்டில் அந்தப் பெயர்தான் முதலில் வரும். ஊசியின் வேகத்தையும் இழுவையையும் தாங்கும் நூல் எப்படி இருக்க வேண்டும் என்ற அறிவு இந்த ஊருக்குப் புதிதல்ல. முன்னால் சொன்ன அக்கம்பக்கம் இதற்காகத்தான். திருப்பரங்குன்றத்தில் ஆன்டெனா அளக்கிறவர்களும் கைத்தறி நகரில் ஊடை போடுகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், வெளிநாட்டு ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் தடுமாறும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விடை கிடைக்கும்.

ஓர் அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். எண் சொல்லும் துணி யாரிடம் சொல்கிறது? 2003-இல் பெனெட்டன் துணிகளில் இந்த வகைச் சிப்புகள் வரப்போகின்றன என்று செய்தி வந்தபோது, வாங்கியவர் போகுமிடமெல்லாம் அந்தச் சட்டை அவரைக் காட்டிக்கொடுக்கும் என்று எதிர்ப்பு கிளம்பியது, நிறுவனம் பின்வாங்கியது. இன்று பல கடைகளில் துணியோடு வரும் சீட்டுக்குள் இந்தச் சிப் இருக்கிறது; வீட்டுக்கு வந்ததும் வெட்டி எறிந்துவிடலாம். நூலாகவே தைத்ததை வெட்டி எறிய முடியாது. தொட்டால் மட்டும் பேசும் அமைப்பு இந்த அச்சத்துக்கு ஓரளவு விடை தருகிறது. உடுத்தியவர் விரல் வைக்காதவரை இணைப்பே இல்லை. யார் எந்தக் கருவியை நீட்டினாலும் துணி வாய் திறக்காது. இந்த வகை ஆடைகளுக்கு நாளை ஒரு விதி எழுதுவதானால் இதைத்தான் முதல் விதியாக எழுத வேண்டும் என்பேன்.

யாருக்கு இது முதலில் வேண்டும்? பாட்டு மாற்றுகிறவருக்கு அல்ல. பக்கவாதத்தில் பேச்சு போனவருக்கு. பேச முடியாத குழந்தைக்கு. தண்ணீர், வலி, கழிப்பறை, புரட்டிப் படுக்க வை: நான்கு சொல் போதும், ஒரு வீட்டின் நாள் மாறிவிடும். இவர்களிடம் போனைக் கொடுத்தால் நழுவும், சார்ஜ் தீரும். துணி நழுவாது. படிக்கும் கருவி விலை கூடியது. ஆனால் அது அறைக்கு ஒன்று போதும், சுவரில் மின்சாரத்தோடு இருக்கும். சிப் ஒன்று ஒரு டீ விலைக்குள் முடிந்துவிடும். துணி கிழிந்தால் இன்னொன்று தைத்துக்கொள்ளலாம்.

முதலில் நெய்ய வேண்டியது சட்டைகூட இல்லை, தோள் துண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. துண்டின் நுனி உடம்பை விட்டு விலகித் தொங்குகிறது. வியர்வை அங்கே கடைசியாகத்தான் வந்து சேரும். அங்கவஸ்திரத்தில் ஜரிகை போடுவதும் அந்த நுனியில்தான். கரையின் அகலத்தில் ஒரு சாண் ஆன்டெனாவுக்குத் தாராளமாக இடம் உண்டு. படுக்கையில் இருப்பவரின் மார்பில் போட்டால் நான்கு சொல்லும் கைக்கு எட்டும். முடிவாகாமல் இருப்பது சிப்பை இழையோடு சேர்க்கும் இடம். கடத்தும் பசையால் ஒட்டினால் துவைப்பில் விரிசல் விடுகிறது. நூலால் தைத்தால் நாளடைவில் தளர்கிறது. தறியில் தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக விரல் நுனியில் முறுக்கிப் பிணைக்கிறவர்கள் நம் நெசவாளர் தெருக்களில் இருக்கிறார்கள். அந்தப் பிணைப்பு விழுதுகளின் கண் வழியாகவும் அச்சின் பற்கள் வழியாகவும் இழுபட்டு அறுந்து போகாமல் வருகிறது. சிப்பின் இரண்டு கால்களையும் ஜரிகையோடு அந்த முறுக்கில் பிணைத்துப் பார்க்க வேண்டும்.